முன்கம்பு

ஆர்டிஸ் சமையலறை மேசையில் பழைய செய்தித்தாளை விரித்து அப்பாவின் கறுப்பு ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தாள். சூட்டும் டையும் போதும், பெட்டி பாதி மூடித்தான் இருக்கும், கால் யாருக்கும் தெரியாது என்று அடக்க ஏற்பாடு செய்பவர் சொல்லியிருந்தார்.

"வெறுங்காலோட அனுப்ப முடியாது," என்றாள் அம்மா, அடுப்பிலிருந்து திரும்பாமல்.

பின்கதவின் அருகில் அப்பாவின் ரப்பர் பூட்ஸ் நின்றது. ஈரத்திலும் பனியிலும் ஷூவுக்கு மேல் மாட்டிக்கொள்வது. அதன் அடியிலும் ஓரங்களிலும் சுண்ணாம்பு வெள்ளையாகக் காய்ந்திருந்தது. போன சனிக்கிழமையின் சுண்ணாம்பு. மைதானத்தின் ஓரக்கோட்டிலேயே நின்று வேலை செய்பவர்கள் காலில்தான் அது அப்படி அப்பிக்கொள்ளும். அவர் அதோடு கதவைத் திறந்தால் அம்மா "அங்கயே" என்பாள். அவர் அங்கேயே நிற்பார்.

ஆர்டிஸ் அதைத் தொடவில்லை. ஷூவை மட்டும் துடைத்தாள்.

அப்பா சீவர்ட் புதன்கிழமை காலை ஹார்டுவேர் கடையில் ஆணி நிறுத்துக்கொண்டிருந்தவர், ஆணிப் பீப்பாயின் மேல் உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை. அன்று மாலை ஆர்டிஸ் மினியாபோலிஸிலிருந்து பஸ்ஸில் வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிவாகியிருந்தது. அடக்கம் சனிக்கிழமை, மதியம் ஒரு மணி.

தேதியைக் கேட்டதும் அவள் தம்பியைப் பார்த்தாள். லோவல் ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தான். வெண்ணெய் ஏற்கெனவே தடவியாகியிருந்தது.

சனிக்கிழமை மதியம் ஒன்றரைக்கு ஊர்க் கல்லூரியின் கடைசி ஃபுட்பால் மேட்ச். அந்தக் கல்லூரி தொடங்கிய நாளிலிருந்து ஒரு பருவத்தைக்கூடத் தோற்காமல் முடித்ததில்லை. இந்த ஐம்பத்திரண்டாம் வருட இலையுதிர் காலத்தில் ஆடியதையெல்லாம் ஜெயித்திருந்தது. மிச்சம் ஒன்றுதான், அதுவும் சொந்த மைதானத்தில். லோவலுக்கு இது கடைசி வருடம். முன்வரிசையில் ஆடுபவன். பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓடுபவனுக்கு வழி திறந்துவிடுகிறவன். அவன் பெயர் பத்திரிகையில் வராது. மே மாதம் படிப்பு முடிந்தால் அவன் டீம் சட்டையை மறுபடி போடப்போவதில்லை.

அம்மா சனிக்கிழமை என்று சொன்னபோது அவன் "சரிம்மா" என்றானாம். அவ்வளவுதான்.

வியாழக்கிழமை முழுவதும் ஆட்கள் வந்தார்கள். இந்த ஊரில் ஒருவருக்கு உப்பு வேண்டுமென்றால், சூப் நன்றாக இருக்கிறது என்றுதான் ஆரம்பிப்பார். எல்லாரும் நார்வேயிலிருந்து வந்தவர்களின் பேரப்பிள்ளைகள். கல்லூரித் தலைவரின் மனைவி ஒரு முழுப் பன்றித்தொடையைச் சுட்டுக் கொண்டுவந்தாள். கோச் தொப்பியை முழங்காலில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார், சீவர்ட் மாதிரி ஒரு மனிதரைப் பார்க்க முடியாது என்றார், மீண்டும் மீண்டும் காப்பி வாங்கிக் குடித்தார், லோவல் குடும்பத்தோடு இருக்க வேண்டிய நேரம் இது என்றார். எழுந்து கதவுவரை போய் நின்றார். கைப்பிடியில் கைவைத்தபடி இந்த வீட்டுக் கதவு நல்ல மரம் என்றார். போய்விட்டார்.

எல்மர் ப்ரெக்கி காப்பி கேக்கோடு வந்தார். அப்பாவோடு சங்கிலி பிடித்தவர். ஃபுட்பாலில் ஒரு டீம் நாலு முயற்சிக்குள் பத்து கெஜம் முன்னேற வேண்டும். அந்தப் பத்து கெஜம்தான் சங்கிலி. இரண்டு முனையிலும் ஆளுயரக் கம்பு. பின்கம்பு எல்மர் கையில், முன்கம்பு சீவர்ட் கையில். எட்டியதா இல்லையா என்று சந்தேகம் வந்தால் சங்கிலியை மைதானத்துக்குள் கொண்டுபோய் இழுத்துப் பிடிப்பார்கள். மற்றபடி எதிர் டீம் உட்காரும் பக்கத்தில், அவர்கள் பெஞ்சுக்கு முன்னால் நிற்க வேண்டும். கூச்சலிடக் கூடாது. கைதட்டக் கூடாது. உள்ளூர்க்காரர்கள்தான் சங்கிலி பிடிப்பது வழக்கம் என்பதால் அந்த விதி. லோவல் ஆடிய எல்லா ஆட்டத்திலும் அப்பா அங்கே வாயைத் திறக்காமல் நின்றார்.

எல்மர் சன்னலைப் பார்த்துக்கொண்டு பேசினார். "சனிக்கிழமை மழை இருக்காதுன்னு ரேடியோல சொன்னான்."

"நல்லது," என்றாள் அம்மா.

"திங்கக்கிழமையும் நல்லாத்தான் இருக்குமாம்."

"அப்படியா."

"செவ்வாய்க்கிழமைகூட."

"கேக் எடுத்துக்குங்க எல்மர், நீங்க கொண்டுவந்ததுதான்."

எல்மர் எடுத்துக்கொண்டார்.

ஆர்டிஸ் பாத்திரம் கழுவும் தொட்டியருகில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். சனிக்கிழமைதான் என்று நின்ற அம்மாவின் துணிச்சல் அவளுக்குப் பிடித்திருந்தது. இத்தனை இலையுதிர் காலங்களை அந்த மைதானத்துக்குக் கொடுத்த மனிதர். அந்த ஊர் ஒரே ஒரு சனிக்கிழமை கோயில் பெஞ்சில் உட்கார்ந்து, மைதானத்தின் சத்தம் கேட்காமல், அவருக்காக ஒரு பாட்டு முழுதும் பாடட்டும். அவளுடைய கல்யாணமும் ஓர் அக்டோபர் சனிக்கிழமைதான். காலை பதினொன்றுக்கு அப்பா அவளைக் கைப்பிடித்து அழைத்துப்போனார். கேக் வெட்டியதும் தன் துண்டைக் காகிதக் கைக்குட்டையில் சுற்றிக் கோட்டுப்பையில் போட்டுக்கொண்டு, எல்மரோடு மைதானத்துக்கு நடந்துவிட்டார். போட்டோவில் அவர் நின்ற இடத்தில் மாமா நிற்கிறார்.

அன்று மாலை, வந்தவர்களெல்லாம் போன பிறகு, அம்மா கப்புகளைத் துடைத்தபடி சொன்னாள்: "எல்லாரும் நல்ல மனுசங்க. பாஸ்டருக்கு சனிக்கிழமைதான் தோதுன்னதும் ஒருத்தர்கூட முகம் சுளிக்கல பாரு."

ஆர்டிஸ் கையிலிருந்த துணி நின்றது. "பாஸ்டருக்கா?"

"பின்ன?" என்றாள் அம்மா.

வெள்ளிக்கிழமை காலை ஆர்டிஸ் சூட்டையும் ஷூவையும் கொடுத்துவிட்டு, பாட்டு எண்களைச் சொல்லக் கோயிலுக்குப் போனாள். பாஸ்டர் டோலெஃப்சன் கீழ்த்தளத்தில் மடக்கு நாற்காலிகளை விரித்துக்கொண்டிருந்தார். இளவயதுக்காரர். மேட்சில் முன்வரிசையில் உட்கார்ந்து தொண்டை கட்டக் கத்துகிறவர். ஞாயிறு காலைப் பிரசங்கத்தில் அவர் குரலை வைத்தே முந்தின நாள் ஆட்டம் எப்படி இருந்தது என்று சொல்லிவிடலாம்.

அவர் அம்மாவின் நலம் விசாரித்தார். பிறகு ஒரு நாற்காலியை விரித்து, மறுபடி மடக்கி, கையிலேயே வைத்துக்கொண்டார்.

"உங்கம்மா சனிக்கிழமை கேட்டது எனக்குப் புரியுது. அத்தனை சனிக்கிழமைக்கு ஒரு சனிக்கிழமை. நியாயம்தான்னு பட்டுது. வேற யார்கிட்டயும் நான் எதுவும் சொல்லல."

"அம்மாவா கேட்டாங்க?"

அவர் நடந்ததைச் சொன்னார். புதன்கிழமை அம்மா போர்கில்லிடம், எந்த நாள் வைக்கலாம் என்று அவர் கேட்டிருக்கிறார். உங்களுக்கு எது தோதோ அது என்றாளாம். அவர் நாட்களைச் சொல்லிக்கொண்டே வந்திருக்கிறார். வியாழன் முடியாது. வெள்ளிக்குள் உறவினர் வந்து சேர மாட்டார்கள். சனி என்று சொல்லி நிறுத்தினாராம். அவள் வேண்டாம் என்பாள், ஞாயிறைத் தாண்டித் திங்கள் என்று சொல்லலாம் என்று நிறுத்தியது.

"அவங்க சரின்னுட்டாங்க."

"நீங்க நிறுத்தினதால, உங்களுக்கு அதான் தோதுன்னு சரின்னாங்க," என்றாள் ஆர்டிஸ்.

பாஸ்டர் நாற்காலியை விரித்துக் கீழே வைத்தார். அதன் மேலேயே உட்கார்ந்தார். இப்போது இதை எப்படி மாற்றுவது, அவளிடம் நானே போய்க் கேட்டால் ஆட்டத்துக்காக அடக்கத்தைத் தள்ளச் சொன்ன பாஸ்டர் என்று ஆகிவிடாதா என்றார். ஆகும் என்றாள் ஆர்டிஸ். பாட்டு எண்களைச் சொல்லிவிட்டு வெளியே வந்தாள்.

யாருக்கும் வேண்டாத சனிக்கிழமை. அவள் ஒரு வாக்கியம் சொன்னால் போதும். சொல்லாவிட்டால் அது அப்படியே நின்றுவிடும். யாரும் அவளைக் கேட்கப்போவதில்லை.

அவள் நேரே வீட்டுக்குப் போகாமல் மைதானத்தைச் சுற்றிப் போனாள். டீம் பயிற்சியில் இருந்தது. லோவல் ஆடமாட்டேன் என்று கோச்சிடம் சொல்லிவிட்டது அவளுக்குத் தெரியும். ஆனாலும் அவன் அங்கே இருந்தான், சாதாரணக் கால்சட்டையும் ஸ்வெட்டருமாக. அவன் இடத்தில் ஆடப்போகிற பையன் குனிந்து நின்றுகொண்டிருந்தான். லோவல் மண்டியிட்டு அவனுடைய இடது பாதத்தைக் கையால் பிடித்து நகர்த்தி வைத்தான். எழுந்தான். பையன் பாய்ந்தான். லோவல் அவனைத் தோளால் வாங்கித் தடுத்து, தலையை ஆட்டி, மறுபடி மண்டியிட்டு அதே பாதத்தை நகர்த்தினான்.

ஆர்டிஸ் வேலிக்கு வெளியே நின்றாள். லோவல் பார்த்துவிட்டு வந்தான்.

"அவன் கால எப்பவும் அகலமா வெச்சுக்கறான்," என்றான். "தள்ளினா விழுந்துருவான்."

"நீ ஆடணும்னு அப்பாவுக்கு இருந்திருக்கும்ல?"

லோவல் வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டான். "தெரியாது. அவரு சொன்னதில்ல." பிறகு சொன்னான்: "போன வருஷம் ஒரு மேட்ச்ல கடைசில சங்கிலிய உள்ள கொண்டுவந்து அளந்தாங்க. நான் சேத்துல கிடந்து அப்பா முகத்தையே பாக்கறேன். அவரு கம்பு முனையப் பாக்கறாரு. பந்து எட்ட ஒரு கை அகலம் குறையுது. கம்ப அப்படியே நட்டு வெச்சுட்டு நிக்கறாரு."

"கோவமா?"

"ஒரு வாரம் அவர்கூட பேசல."

"அவரு என்ன சொன்னாரு?"

"நான் பேசலங்கறதே அவருக்குத் தெரியல."

ஆர்டிஸ் சிரித்துவிட்டாள். அவனும் சிரித்தான். சிரிப்பு நின்றதும் இருவருக்கும் எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. கோச் விசில் ஊதினார். லோவல் போய் மறுபடி மண்டியிட்டான்.

வீட்டில் அம்மா லோவலின் வெள்ளைச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். ஆர்டிஸ் கோட்டைக் கழற்றாமலே நின்று சொன்னாள்.

"அம்மா, பாஸ்டர் சனிக்கிழமைய கேக்கல. நீ கேக்கறேன்னு நெனச்சுட்டாரு."

அம்மா இஸ்திரிப்பெட்டியைத் தூக்கி நிறுத்தி வைத்தாள். காலரின் சுருக்கத்தை விரலால் நீவினாள்.

"அப்ப யாருக்குத்தான் வேணும் சனிக்கிழமை?"

"யாருக்கும் வேணாம்." அது பொய்யாகப் பட்டது. "எனக்குக் கொஞ்சம் வேணும்னு இருந்துது."

"உன் கல்யாணத்த நெனச்சுட்டா?"

ஆர்டிஸ் கோட்டுப் பொத்தான்களைக் கழற்றினாள்.

"அந்தக் கேக்க அவரு தின்னல," என்றாள் அம்மா. "எதிர் டீம் பெஞ்சுல ஒரு பையன் தோள் எலும்பு ஒடிஞ்சு உக்காந்திருந்தானாம். அழுதுட்டு. அவன் கையில குடுத்துட்டாரு. இன்னிக்கு எம் பொண்ணுக்குக் கல்யாணம், சாப்பிடுன்னாராம்."

"என்கிட்ட சொன்னதே இல்லையே."

"நீ கேட்டாத்தானே."

அம்மா சட்டையைக் கொடியில் மாட்டினாள். கையை ஏப்ரனில் துடைத்துக்கொண்டு கூடத்துக்குப் போய் போனை எடுத்தாள். தெருவுக்கே ஒரே லைன். ஒரு வீட்டில் மணி அடித்தால் எல்லா வீட்டிலும் எடுத்துக் கேட்கலாம், கேட்பார்கள். ஆர்டிஸ் பின்னாலேயே போய் நின்றாள். ரிசீவர்கள் ஒவ்வொன்றாக எடுக்கப்படும் கிளிக் சத்தம் அவளுக்கே கேட்டது.

"பாஸ்டர், போர்கில் பேசறேன். நாளைக்கு ஒரு மணி வேணாம். காலையில ஒன்பதுக்கே வெச்சுருங்க."

அந்தப் பக்கம் அவர் ஏதோ நீளமாகக் கேட்டார்.

"இல்ல, உறவுக்காரங்களுக்காக இல்ல," என்றாள் அம்மா. "மத்தியானம் மேட்ச் இருக்கு."

அந்த வாரம் முழுவதும் அந்த வீட்டில் யாரும் சொல்லாத வார்த்தை. லைனில் ஒரு சத்தமும் இல்லை. பிறகு யாரோ ஒரு பெண் அடக்கிவைத்திருந்த மூச்சை விட்டாள்.

"கீழ வை, ஹேஸல்," என்றாள் அம்மா. எல்மரின் மனைவி கீழே வைத்தாள்.

சனிக்கிழமை காலை புல்லில் உறைபனி இருந்தது. கோயில் நிறைந்து படிக்கட்டில் நின்றார்கள். லோவல், எல்மர், காலையில் காரில் வந்து சேர்ந்த ஆர்டிஸின் கணவன் ரே, கடைக்காரர்கள் என்று பெட்டியைத் தூக்கினார்கள். டீம் முழுவதும் டை கட்டிக்கொண்டு இடது பக்கப் பெஞ்சுகளில் உட்கார்ந்திருந்தது. பெரிய தோள்கள், சின்னச் சூட்டுகள். அவர்கள் பாடியபோது பாட்டு வழக்கத்தைவிடக் கனமாக இருந்தது. எல்லாச் சரணங்களையும் பாடினார்கள். கல்லறையில் மண் இறுகியிருந்தது. பாஸ்டர் சுருக்கமாகப் பேசினார். ஆர்டிஸ் மண்ணைப் போட்டபோது அது பெட்டியின் மேல் சரளைக்கல் மாதிரி விழுந்தது.

பிறகு கோயில் கீழ்த்தளத்தில் பன்றித்தொடை சாண்ட்விச்சும் காப்பியும். லோவல் கோட்டுப் பொத்தானைத் திறந்துவிட்டு, எதுவும் சாப்பிடாமல், டீமோடு போனான். அம்மா அவன் தோளைத் தட்டினாள், தூசி தட்டுவது போல.

எல்மர் கப்போடு அம்மாவின் எதிரில் வந்து உட்கார்ந்தார். காப்பியைப் பார்த்துக்கொண்டு, சங்கிலிக்கு ஓர் ஆள் குறைகிறது என்றார். கேட்டவர்களெல்லாம் மற்ற நாளென்றால் சரி, இன்றைக்குச் சும்மா நிற்க முடியாது, கத்திவிடுவோம் என்கிறார்களாம்.

அம்மா சுற்றிலும் பார்த்தாள். "பாஸ்டர் பிடிப்பாரு."

"அவரா? அந்த மனுசன் வாய மூடமாட்டாரே."

"இன்னிக்கு மூடிப்பாரு," என்றாள் அம்மா. அவரைக் கூப்பிட்டாள். பாஸ்டர் வந்தார், விஷயத்தைக் கேட்டார், வாயைத் திறந்து மூடினார். அம்மா அவருடைய மெல்லிய ஷூவைப் பார்த்தாள். உறைபனி உருகி மதியம் மைதானம் சேறாகிவிடும்.

"ஆர்டிஸ், வீட்டுக்குப் போய் அப்பா பூட்ஸ எடுத்துட்டு வா."

மதியம் ரேயும் விருந்தாளிகளும் மேட்சுக்குப் போனார்கள். அம்மா போகவில்லை. ஆர்டிஸ் அவளோடு இருந்தாள். அவர்கள் கழுவிய தட்டுகளையும் பாத்திரங்களையும் கவிழ்த்து, அடியில் ஒட்டியிருந்த பட்டையில் பெயர் பார்த்து, வீடு வீடாகப் பிரித்து அடுக்கினார்கள். மைதானம் நாலு தெரு தள்ளித்தான். சத்தம் சன்னல் வழியாக வந்தது. பேண்டு. கூச்சல். பின்னர் வெறும் முனகல்.

"அது நம்மளா அவங்களா?" என்றாள் அம்மா.

"தெரியலம்மா."

"அவரு முகத்தப் பாத்துத் தெரிஞ்சுக்கலாம்னு ஆரம்பத்துல ஒரு மேட்சுக்குப் போனேன். ஒண்ணும் தெரியல. அதோட விட்டுட்டேன்."

வெயில் மேசையிலிருந்து இறங்கித் தரைக்கு வந்தது. ஒரு பெரிய கூச்சல் எழுந்து, சட்டென நின்றது. அப்படி அந்த மைதானம் நிசப்தமாவது ஒன்றுக்காகத்தான். ஆர்டிஸுக்குத் தெரியும். சங்கிலி உள்ளே போயிருக்கிறது.

அம்மா கையில் ஹேஸலின் கண்ணாடிப் பாத்திரம் இருந்தது. அதை அவள் கீழே வைக்கவில்லை. குழாய் சொட்டியது.

பிறகு சத்தம் வந்தது. எந்தப் பக்கத்துச் சத்தம் என்று தெரியவில்லை. அம்மா பாத்திரத்தைக் கவிழ்த்து அடுக்கின் மேல் வைத்தாள்.

வெளிச்சம் மங்கும் நேரத்தில் பின்கதவு திறந்தது. லோவல் வந்தான். குளித்திருந்தான், காதுக்குப் பின்னால் சேறு இருந்தது. வாசல் மிதியடியில் ஷூவைக் கழற்றினான்.

"என்ன ஆச்சு?" என்றாள் ஆர்டிஸ்.

"ஏழுக்கு ஏழு."

"தோக்கலையே," என்றாள் அம்மா.

"ஜெயிக்கவும் இல்ல."

அவன் மேசையருகில் உட்கார்ந்தான். கடைசியில் அளந்தார்களாம். எட்டியிருந்தால் தொடர்ந்து ஆடி ஜெயித்திருக்கலாம். "பந்துக்கு அந்தப் பக்கம் கம்பு நிக்குது. இவ்வளவுதான்." விரல்களைக் காட்டினான். "நான் பாஸ்டர் முகத்தப் பாத்தேன்."

"அவரு?"

"கம்பப் பாத்தாரு. ஆனா அழுதுட்டே பாத்தாரு. சத்தமே வரல."

படியில் காலடிச் சத்தம் கேட்டது. பாஸ்டர் டோலெஃப்சன் கதவைத் தட்டிவிட்டு உள்ளே வந்தார். பூட்ஸைத் திருப்பிக் கொடுக்க வந்ததாகச் சொன்னார். குரல் நன்றாகத் தெளிவாக இருந்தது. காலில் மாட்டியிருந்த அதைக் கழற்ற வேண்டும் என்பதை மறந்து, நேரே நடந்து வந்து நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றார். கதவிலிருந்து மேசைவரை லினோலியத் தரைவிரிப்பில் சுண்ணாம்பின் வெள்ளைத் தடங்கள், ஒன்றன்பின் ஒன்றாக. அவர் கீழே பார்த்தார். முகம் சிவந்தது.

ஆர்டிஸ் அம்மாவைப் பார்த்தாள்.

"உக்காருங்க," என்றாள் அம்மா. "காப்பி சூடாத்தான் இருக்கு."

பாஸ்டர் உட்கார்ந்து, குனிந்து பூட்ஸைக் கழற்றினார். லோவல் அதை வாங்கிக் கதவருகில் இருந்த இடத்தில் வைத்தான். ஆர்டிஸ் தொட்டியடியிலிருந்து துணியை எடுத்து நனைத்தாள்.

"விடு," என்றாள் அம்மா. "காலையில பாத்துக்கலாம்."

அவள் காப்பிக் கெட்டிலை எடுத்துக்கொண்டு அடுப்பிலிருந்து மேசைக்கு வந்தாள். நேர் வழியில் வரவில்லை. தடங்கள் மேல் கால் படாமல், சுவர் ஓரமாகச் சுற்றி வந்தாள்.